குடத்துக்கு முதலில், குழந்தைக்குப் பிறகு: வன்னி முன்பள்ளி ஒன்றில் நடந்த ஒளிச் சோதனை

மூன்று வயதுப் பிள்ளை கமராவுக்கு முன்னால் தரும் நேரம் கொஞ்சம்தான். தொடக்கத்தில் வியப்பு, பிறகு சிறிது விளையாட்டு, அதற்கும் பிறகு அம்மாவிடம் போக வேண்டும் என்ற அழுகை. அந்தக் கொஞ்ச நேரத்தையும் ஸ்டாண்டை நகர்த்துவதிலும் விளக்கின் அளவைத் திருகுவதிலும் கழிக்கும் படப்பிடிப்பாளருக்குப் பிள்ளையின் முதுகுதான் மிஞ்சும். ஆகவே "விளக்குகளை முன்கூட்டியே சோதித்து வையுங்கள்" என்று யாரும் அறிவுரை சொல்லிவிடலாம். எதைச் சோதிப்பது, யாரை இருத்திச் சோதிப்பது, எந்த உயரத்தில், எந்த நேரத்தில் என்று கேட்டால்தான் பதில் மெலிந்துவிடுகிறது.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் தருமபுரத்துக்கு அப்பால், ஒழுங்கை ஒன்றுக்குள் இருக்கும் முன்பள்ளியில் நாங்கள் செய்த வேலையை இங்கே எழுதுகிறேன். ஊரின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம், பிள்ளைகள் சிறியவர்கள்.

வேலையும் அதன் நிபந்தனையும்

ஆண்டிறுதி விழாவுக்கு முன்னர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனிப்படம். எட்டுக்கு ஆறு அங்குலத் தாள், சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மூன்று முதல் ஐந்து வயது. ஆசிரியை விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: எல்லாப் படங்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். "ஒரு பிள்ளை பளிச்சென்றும் இன்னொரு பிள்ளை இருண்டும் இருந்தால் தாய்மார் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், அண்ணா. பிறகு நான்தான் பதில் சொல்ல வேண்டும்" என்றார். நியாயமான கோரிக்கை. தொழில்நுட்பப்படி பார்த்தால் கடினமான கோரிக்கையும் அதுதான்.

தாளில் படம் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் உண்டு. கைத்தொலைபேசிகளில் இந்தப் பிள்ளைகளின் படங்கள் நிறைய இருக்கின்றன; சுவரில் ஒன்றும் இல்லை. இவர்களுடைய தாய்மார் 2009 மே மாதம் போர் முடிந்தபோது தாங்களே சிறுமிகளாக இருந்தவர்கள். ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது அல்பங்கள் வீடுகளோடு போயின. "நான் சின்ன வயதில் எப்படி இருந்தேன் என்று பார்க்க என்னிடம் ஒரு படமும் இல்லை" என்று சொல்லும் தாய்மார் வன்னியில் பலர். அதனால்தான் மங்கலான படத்தை, பரவாயில்லை என்று அவர்கள் வாங்கிப்போவதில்லை.

ஏன் வெளியே எடுக்கவில்லை என்று கேட்கலாம். காலை எட்டரை மணிக்கு அந்த வளவில் நிற்கும் மாமரத்தின் நிழலைவிட நல்ல ஒளியை எந்த ஸ்டூடியோவும் தராது. எனக்கு அதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த நிழல் ஒன்பதரைக்கு வேறு இடத்துக்குப் போய்விடும், பத்தரைக்கு இலைகளின் ஊடாக வெயில் புள்ளிகளாகக் கொட்டும். மாரிக்கு முந்திய மாதமாதலால் சோளகக் காற்றும் புழுதியும் வேறு. எல்லாப் படங்களும் ஒரே மாதிரி வேண்டுமென்றால் சூரியனை நம்ப முடியாது.

எரிந்தபடி இருக்கும் எல்.ஈ.டி. விளக்குகளையும் யோசித்தோம். பிள்ளைக்குத் திடீர் வெளிச்சம் இல்லை, நாம் பார்ப்பதே படத்திலும் வரும் என்பது அதன் நன்மை. ஆனால் ஓடியாடும் பிள்ளையை உறையவைக்கும் அளவுக்கு ஷட்டர் வேகம் வேண்டுமானால் விளக்கை மிகக் கூட்ட வேண்டும்; கூட்டினால் பிள்ளை கண்ணைச் சுருக்கும். மலிவான விளக்குகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதில் ஓடும் மலிவான விளக்கு செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை வேகமாக்கினால் படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். எனவே பிளாஷ் என்று முடிவாயிற்று.

எதைத் தேடினோம்

ஸ்டூடியோவுக்கு வரும் பெரியவரை ஓரிடத்தில் இருத்தி, நாடியைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, மிக அழகான ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கலாம். அவர் அந்தப் புள்ளியில் இருப்பார். பிள்ளை இருக்காது. முன்னுக்குச் சாயும், பின்னுக்குப் போகும், கதிரையை விட்டு இறங்கித் தரையில் குந்தும். ஆகவே பிள்ளைகளுக்கான சோதனையில் மிகச் சிறந்த ஒளி எது என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவிட வேண்டும். பிள்ளை எவ்வளவு தூரம் அசைந்தாலும் ஒளி கெடாமல் இருக்கும் என்பதே முதல் கேள்வி. அந்த எல்லையைக் கண்டுபிடித்துத் தரையில் கோடு போட்டுவிட்டால், மற்றதைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

இந்தக் கேள்விக்குக் கணக்கில் தெளிவான விடை இருக்கிறது. விளக்கிலிருந்து தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும். நான் வழக்கமாகப் பெரியவர்களுக்கு வைப்பது போல 90 சென்ரிமீற்றர் சொஃப்ட்பொக்ஸை, அதாவது விளக்குக்கு முன்னால் மாட்டி ஒளியை மென்மையாக்கும் துணிப் பெட்டியை, முகத்திலிருந்து 1.2 மீற்றரில் வைத்தால் ஒளி அழகாக இருக்கும். பிள்ளை ஓர் அடி, அதாவது ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர், விளக்குப் பக்கம் சாய்ந்தால் முகத்தில் விழும் ஒளி 1.8 மடங்காகிவிடும். அதே அளவு பின்னுக்குப் போனால் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். ஓரடி இப்படி, ஓரடி அப்படி: ஒன்றரை ஸ்டாப் வித்தியாசம். ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பது அல்லது பாதியாவது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆசிரியை அஞ்சிய பளிச்சும் இருட்டும் இதுதான்.

விளக்கை 2.4 மீற்றருக்குப் பின்னால் கொண்டுபோனால் அதே ஓரடி அசைவுக்கு வித்தியாசம் முக்கால் ஸ்டாப்புக்குள் அடங்கிவிடுகிறது. விலையும் உண்டு. ஒளியின் வலிமை நான்கில் ஒன்றாகும். தூரத்தில் வைத்த சிறிய விளக்கு கடுமையான நிழலைத் தரும். எனவே 90 சென்ரிமீற்றர் பெட்டியைக் கழற்றிவிட்டு, 150 சென்ரிமீற்றர் குடையை வெள்ளைத் துணி மூடியோடு போட்டோம். தூரம் கூடியபோது விளக்கின் பரப்பும் கூடியதால் நிழல் ஓரங்களின் மென்மை பெரிதாகக் கெடவில்லை. 400 வாட்-செக்கன் பிளாஷில் கால் பங்குக்குச் சற்று மேல் வைத்தாலே ஐ.எஸ்.ஓ. (கமராவின் ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8 கிடைத்தது.

எஃப் 8 என்பதும் எல்லைக் கணக்கின் ஒரு பகுதிதான். முழுச்சட்டக் கமராவில் 85 மில்லிமீற்றர் லென்ஸோடு இரண்டரை மீற்றர் தூரத்தில் எஃப் 8 வைத்தால் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு உருவம் தெளிவாக இருக்கும். எஃப் 4 என்றால் அதில் பாதி. பின்புலம் கரைந்துபோன படங்களுக்கு இப்போது இருக்கும் மோகத்தை நான் அறிவேன். ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் வந்தால் அந்த மோகம் தாயிடம் எடுபடாது.

குடம்

சோதனைக்கு யாரை இருத்துவது? வழக்கமாக உதவியாளர் தம்பி போய்க் கதிரையில் இருப்பார். ஐந்தரை அடி ஆள் இருந்து பார்த்த ஒளி பிள்ளைக்குப் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகளில் மூன்று வயது ஆண் பிள்ளையின் இடைநிலை உயரம் 96.1 சென்ரிமீற்றர், பெண் பிள்ளைக்கு 95.1. ஐந்து வயதில் 110 அளவில் நிற்கிறது. அதாவது நின்றுகொண்டிருக்கும் மூன்று வயதுப் பிள்ளையின் முகம், கதிரையில் இருக்கும் பெரியவரின் முகத்தை விடவும் தாழ்வாக இருக்கும்.

ஆசிரியையின் சமையலறையில் மண்குடம் ஒன்று இருந்தது. சுட்ட மண்ணின் நிறம், எங்கள் பிள்ளைகளின் தோல் நிறத்துக்கு எந்தப் பொம்மையின் வெளிர் ரோஸ் நிறத்தையும் விட நெருக்கம். உருண்டையாக இருப்பதால் ஒளி கன்னத்தில் எங்கே தொடங்கி எங்கே நிழலாகிறது என்பதையும் காட்டும். குடத்தைக் கவிழ்த்து வைத்து, கரும்பழுப்பு நிறத்தில் இரண்டு போளைகளை மெழுகால் ஒட்டினோம். போளையில் குடையின் வெள்ளை வட்டம் எங்கே தெரிகிறதோ அங்கேதான் பிள்ளையின் கண்ணிலும் ஒளிப்பொட்டு தெரியும். குடத்தின் இடப்பக்கத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினோம். வலப்பக்கத்தில் குழந்தைப் பவுடர் பூசினோம். கீழே வெள்ளைச் சேட்டு ஒன்றைச் சுற்றிவிட்டோம். வேலியால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா, இது வெருளியா, நாவூறுக்கா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளைச் சேட்டு வேடிக்கைக்காகச் சுற்றியதில்லை. ஆண் பிள்ளைகள் பலரும் வெள்ளைச் சேட்டும் வேட்டியும் கட்டி வருவார்கள் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். கரிய முகத்துக்கும் வெள்ளைத் துணிக்கும் இடையில் ஒளியளவு தடுமாறும் இடம் அதுதான். முகத்துக்காகக் கூட்டினால் சேட்டின் மடிப்புகள் வெளிறி ஒரே வெள்ளையாகிவிடும்; சேட்டுக்காகக் குறைத்தால் முகம் இருளும். நாங்கள் சேட்டின் தையல் கோடு அழியாத உச்ச அளவைக் கண்டுபிடித்து அங்கே நிறுத்திக்கொண்டு, முகத்தின் நிழற்பக்கத்தை வெள்ளை ரெஜிபோம் பலகையால் ஒளியைத் திருப்பி நிரப்பினோம். தானியங்கி அளவீட்டை முழுவதும் அணைத்துவிட்டோம். பட்டுப்பாவாடைக்கு ஓர் அளவும் வெள்ளைச் சேட்டுக்கு ஓர் அளவும் என்று கமரா தானாக முடிவு செய்தால் ஒரே மாதிரி என்ற நிபந்தனை அங்கேயே போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு: தானியங்கி முறையில் பிளாஷ் அளவு பார்ப்பதற்காக முதலில் ஒரு சிறு மின்னல் அடிக்கும்; கண் வேகமாக இமைக்கும் பிள்ளைகள் அந்த முதல் மின்னலுக்கு இமைத்து, படம் எடுபடும் நேரத்தில் கண் மூடியிருப்பார்கள்.

பச்சைப் பட்டி

குடம் காட்டிக்கொடுத்த பெரிய விடயம் சுவர்.

முன்பள்ளிச் சுவர்களின் கீழ்ப்பகுதிக்குக் கடும் நிறம் பூசுவது வழக்கம். பிள்ளைகளின் கை அழுக்குத் தெரியாது. இங்கே தரையிலிருந்து மூன்றரை அடி வரை இலைப்பச்சை, அதற்கு மேல் கிறீம் நிறம். தம்பியை நிற்கவைத்து எடுத்த படத்தில் தோல் நிறம் சரியாகவே இருந்தது. அதே விளக்கில், அதே இடத்தில், 95 சென்ரிமீற்றர் உயரத்தில் குடத்தை வைத்து எடுத்தபோது நிழற்பக்கக் கன்னம் பச்சை பாரித்திருந்தது. குடையிலிருந்து போன ஒளி சுவரில் பட்டுத் திரும்பும்போது பச்சையை அள்ளிக்கொண்டு வருகிறது. பெரியவரின் முகத்துக்கு நேரே இருந்தது கிறீம் சுவர். பிள்ளையின் முகத்துக்கு நேரே இருந்தது பச்சைப் பட்டி.

கமராவின் திரையில் இதைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்பக்கூடாது. சாம்பல் அட்டையைக் குடத்தின் வெளிச்சப் பக்கத்தில் ஒருமுறையும் நிழற்பக்கத்தில் ஒருமுறையும் பிடித்து எடுத்தோம். சாம்பல் அட்டை என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஹிஸ்டோகிராமில், அதாவது கமரா காட்டும் ஒளியளவு வரைபடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக அமர வேண்டும். வெளிச்சப் பக்கத்தில் அமர்ந்தன. நிழற்பக்கத்தில் பச்சை மட்டும் வலப்புறம் விலகி நின்றது. வெண்சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியக் கமராவில் வைக்கும் நிற அளவை, மாற்றி இதைத் தீர்க்க முடியாது. நிழலைச் சரிசெய்தால் வெளிச்சப் பக்கம் ஊதா சாயும். கணினியில் முகம் முகமாகத் திருத்துவது ஒரு வழி, அதற்கு விழா முடிந்துவிடும். இரண்டு வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் கயிற்றில் கட்டிப் பச்சைப் பட்டியை மறைத்தோம். பிரச்சினை அத்தோடு போயிற்று. வெள்ளை விரிப்பிலும் எல்லாம் ஒன்றில்லை. சலவை நீலம் போட்டுத் துவைத்த பழைய விரிப்பு பிளாஷில் நீலம் காட்டும். ரெஜிபோம் பலகையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டோம்.

வெயில், மின்சாரம், கைபிடி

சோதனையைப் பிள்ளைகள் வராத சனிக்கிழமை காலையில், படப்பிடிப்பு நடக்கப்போகும் அதே மணிகளில் செய்தோம். மாலையில் ஆறுதலாகச் செய்திருந்தால் கிழக்குச் சுவரைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. பிளாஷை அணைத்துவிட்டு, அதே ஐ.எஸ்.ஓ., அதே எஃப் 8, ஷட்டர் 1/160 வைத்து எடுத்தால் படம் முழுக் கறுப்பாக வர வேண்டும். வந்தால் அறையின் வெளிச்சம் நம் வேலையில் கை வைக்காது என்று பொருள். எட்டரைக்கு எடுத்தது கறுப்பு. பத்து மணியளவில் எடுத்ததில், கூரைக்குக் கீழே காற்று வர விட்டிருந்த துளைக்கற்களின் ஊடாக வெயில் கீற்றுகள் நேரே குடத்தின் மீது விழுந்திருந்தன. அந்த அளவுகளில் நேர்வெயில் பட்ட இடம் ஒரு ஸ்டாப்புக்கும் மேல் வெளிறும். துளைக்கற்களில் சில வரிசைகளை மட்டும் சாக்கால் மூடினோம். எல்லாவற்றையும் மூடினால் தகரக் கூரைக்கு அடியில் பிள்ளைகள் அவிந்துபோவார்கள்.

அருகில் அரிசி ஆலை ஒன்று ஓடுகிறது. அது ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் தாழ்கிறது என்று ஆசிரியைக்குத் தெரியும், மின்விசிறி சொல்லும். சுவரில் செருகிய பிளாஷ் அந்த நேரத்தில் மீண்டும் நிரம்ப நேரம் எடுத்தது. காத்திருந்து அடித்தால் ஒளி அதே அளவு, அவசரப்பட்டால் குறைவு. சிரிப்பு வரும் கணத்தில் விளக்கு நிரம்பியதா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் லித்தியம் பற்றரியில் ஓடும் விளக்கைத் தலைமை விளக்காக வைத்தோம். செருகும் விளக்கை இன்வேட்டரில் ஓட்டலாமே என்று சிலர் சொல்வதுண்டு. மலிவான இன்வேட்டர் தரும் அலைவடிவம் பிளாஷின் மின்சுற்றுக்கு ஒத்துவராது; நான் என் விளக்கை அதில் செருகமாட்டேன்.

பிறகு, இழுத்துப் பார்த்தோம். இதைப் பலர் செய்வதில்லை. பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் எது தொங்கினாலும் அது இழுக்கப்படும்: குடையின் துணி நுனி, வயர், பின்புலத் துணி. தம்பி முழங்காலில் நின்று ஒவ்வொன்றாக இழுத்தார். ஸ்டாண்ட் சரியத் தயாராக இருந்தது. மூன்று கால்களில் ஒன்றைக் குடை சாயும் பக்கம் நீட்டித் திருப்பி, யூரியாப் பையில் மணல் நிரப்பிக் கட்டித் தொங்கவிட்டோம். திரும்ப இழுத்தோம், நின்றது. வயர்களைப் பசை நாடாவால் தரையோடு ஒட்டினோம்.

ஓசையையும் சோதிக்க வேண்டும். விளக்கு நிரம்பியதும் எழுப்பும் "பீப்" ஒலி பிள்ளையின் கண்ணைக் கமராவிலிருந்து விளக்குப் பக்கம் இழுக்கும், அதை அணைத்தோம். முழு வலிமையில் பிளாஷ் அடிக்கும்போது எழும் "பட்" என்ற வெடிப்பு, மூடிய அறையில் நன்றாகவே கேட்கும். பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். கூட வரும் அம்மம்மாமார் தோளைக் குறுக்கிக்கொள்வார்கள். இந்த மண்ணில் அதற்கு விளக்கம் தேவையில்லை. குறைந்த வலிமையில் வேலை செய்ததால் ஓசையும் அடங்கியிருந்தது. நாங்கள் வைத்த வகை விளக்கில் வலிமை குறையும்போது மின்னலின் நீளமும் குறையும், அதனால் அசையும் கை இன்னும் கூர்மையாக வரும். பழைய வகை ஸ்டூடியோ விளக்குகள் பலவற்றில் இது எதிர்மாறு. உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் குடத்தை மூன்று உயரங்களில் வைத்தோம்: கதிரை, நிற்கும் உயரம், தரை. தரைக்கு இறக்கியபோது போளைகளின் மேல்விளிம்பில் மட்டும் ஒளிப்பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது, கண்குழி இருண்டது. ரெஜிபோம் பலகையைத் தரையில் படுக்கவைத்ததும் குழி திறந்தது. பலகைக்கும் கதிரைக்கும் தரையில் சோக்கால் அடையாளம் போட்டோம். பிள்ளை அசையக்கூடிய எல்லைக்கு ஒரு பெரிய வட்டம்.

குடத்துக்குத் தெரியாதவை

படப்பிடிப்பு நாளில் முதலில் வந்த சிறுமி வட்டத்துக்குள் சரியாகவே நின்றாள், முகம் மட்டும் வாசல் பக்கம். அம்மா அங்கே நின்றார். அடுத்தவனும் அப்படியே. முகம் விளக்குக்கு எதிர்ப்பக்கம் திரும்பினால் மூக்கின் நிழல் கன்னத்தைக் குறுக்காக வெட்டும். குடம் யாரையும் தேடாது, பிள்ளை தேடும். விளக்கை மாற்றவில்லை. தாய்மார் இருந்த வாங்கைத் தூக்கி, குடைக்கும் கமராவுக்கும் நடுவில் போட்டோம். அதன் பிறகு பிள்ளைகள் தாமாகவே ஒளியைப் பார்த்தார்கள். தாய் இருக்கும் இடமும் ஒளியமைப்பின் ஒரு பகுதி என்பதை நான் இந்த வேலைக்குப் பிறகு என் ஸ்டூடியோத் தரையிலும் வரைந்து வைத்திருக்கிறேன்.

பவுடர் விடயத்தில் முன்னாளே சொல்லி அனுப்பியிருந்தோம். குடத்தின் பவுடர் பூசிய பக்கம் பிளாஷில் சாம்பல் திட்டாக வெளுத்திருந்ததையும், எண்ணெய்ப் பக்கத்தில் ஒளி திரண்டு வெள்ளைப் புள்ளியானதையும் ஆசிரியை தாய்மாருக்குப் படமாகவே காட்டினார். கேட்டவர்கள் கேட்டார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் பூசிக்கொண்டு வந்தார்கள். பிள்ளையை வெளியே கூட்டிப்போகும்போது பவுடர் போடாவிட்டால் தாய்க்கு மனம் ஒப்பாது. ஈரத் துணியால் மெல்ல ஒற்றி எடுத்தோம். கன்னத்துக் கறுத்தப் பொட்டில் கை வைக்கவில்லை. அது நாவூறுக்கு வைத்தது. கணினியில் அதை அழிப்பதும் கூடாது என்று தம்பிக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு தாய் கண்ணைப் பற்றிக் கேட்டார்: "இந்த வெளிச்சம் பிள்ளையின் கண்ணுக்குக் கெடுதல் செய்யாதா, அண்ணா?" சாதாரணப் படப்பிடிப்புப் பிளாஷ் குழந்தைகளின் பார்வையைப் பாதிக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, அதுவும் இது துணி மூடிய குடைக்கு உள்ளிருந்து, இரண்டு மீற்றருக்கு அப்பாலிருந்து வரும் ஒளி. அதற்காக முகத்துக்குக் கிட்டப் பிடித்து அடிக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு வலிப்பு வந்ததுண்டா என்று மட்டும் முன்னரே எல்லோரிடமும் கேட்டுக்கொண்டோம். மின்னலை அடுத்தடுத்து அடிக்கும் முறையை யாருக்குமே பயன்படுத்தவில்லை.

கண் என்றதும் இங்கே சொல்லிவிட வேண்டிய ஒன்று உண்டு. கைத்தொலைபேசிப் பிளாஷ் லென்ஸுக்கு ஒட்டி இருப்பதால் கண்மணி சிவப்பாகத் தெரிவது இயல்பு. ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் படத்துக்குப் படம் தெரிந்தால் பிள்ளையைத் தாமதிக்காமல் கண் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பாரதூரமானதாக இல்லாமலும் இருக்கலாம், ஆனால் சிறுபிள்ளைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய் சில வேளைகளில் இப்படித்தான் முதலில் பிடிபடுகிறது. ஸ்டூடியோ விளக்குகள் பக்கவாட்டில் நிற்பதால் எங்கள் படங்களில் இந்த அறிகுறி தெரியாது. வீட்டுப் படங்களில்தான் தெரியும்.

ஓடித்திரிந்த பையன் ஒருவன் கதிரையில் ஏறவே இல்லை. அவன் தரையில் குந்தி ரெஜிபோம் பலகையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது எடுத்த படம்தான் எல்லாவற்றிலும் நன்றாக வந்தது. தரை உயரத்துக்கான அடையாளம் ஏற்கெனவே போட்டிருந்ததால் விளக்கைத் தொட வேண்டியிருக்கவில்லை. நான் வயிற்றில் படுத்தால் போதுமாக இருந்தது.

தாளில்

படங்களைத் தாளில் அடிப்பதற்கு முன்னர் குடத்தின் படத்தை அடித்துப் பார்த்திருந்தோம். கணினித் திரை தானே ஒளிர்வது. தாள் அப்படி இல்லை. திரையில் சரியாக இருந்த நிழற்பக்கம் தாளில் கரியாகச் சேறு பிடித்திருந்தது. கரிய தோலில் இந்த இழப்பு முதலில் தெரியும். என் திரை அளவுக்கு மீறிய வெளிச்சத்தில் இருந்தது. அதைக் குறைத்துவிட்டு, நிழல்களைச் சற்று உயர்த்தி அடித்த இரண்டாவது தாளில் குடத்தின் மண் கீறல்கள்கூடத் தெரிந்தன. பிள்ளைகளின் படங்களுக்கும் அதே திருத்தத்தை மொத்தமாகப் போட்டோம். தனித்தனியாகத் தொட வேண்டி வந்தவை, வட்டத்துக்கு வெளியே ஓடிப்போன பிள்ளைகளின் சில படங்கள் மட்டும். சட்டம் போட்டு வரிசையாக மேசையில் அடுக்கியபோது ஆசிரியை முதலில் பார்த்தது முகங்களை அல்ல. பக்கத்துப் பக்கத்துப் படங்களின் வெளிச்சத்தை. தலையாட்டினார்.

தாய்மாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியது தாளில் அடித்துக் கொடுப்பதற்கு மட்டுமே. அதனால் எந்தப் படத்தையும் ஸ்டூடியோவின் முகநூல் பக்கத்தில் போடவில்லை. இந்தக் கட்டுரையோடும் இல்லை. விளம்பரத்துக்குக் குடத்தின் படம் இருக்கிறது.

மாங்குளம் பக்கம் இன்னொரு முன்பள்ளி இதே வேலையைக் கேட்டிருக்கிறது. குடை, தூரம், எஃப் 8, தாய்மாரின் வாங்கு ஆகியவற்றை அப்படியே கொண்டுபோகலாம். அங்கே சுவர் முழுவதும் வெள்ளை என்று சொல்கிறார்கள், ஆனால் தரைக்குச் சிவப்புப் பூசியிருக்கிறார்களாம். பலகையைத் தரையில் படுக்கவைக்கும் முன் சிவப்பு எவ்வளவு மேலே ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். மேற்குப் பக்கம் வாசல். பிள்ளைகள் காலையில்தான் வருவார்கள் என்பதால் வெயில் பிரச்சினை இராது. மாரி தொடங்கிவிட்டால் தகரத்தில் மழை அடிக்கும் சத்தத்தில் பிள்ளைகளைக் கூப்பிட்டால் கேட்குமா என்பதுதான் கேள்வி.